பிறந்த வீடு தேடித் தந்தவன்

மூன்று வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆங் மோ கியோவில் என் அத்தை வீட்டில் நடந்தது இது. நல்லது செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டு வந்தேன். நான் கொஞ்சம் அவசரக்காரன். எதையும் செய்து முடித்த பிறகுதான் யோசிப்பேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு ஒரே தங்கை. பிறப்பால் சீனர். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் கஷ்டப்பட்ட சீனக் குடும்பங்கள் பெண் குழந்தையைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுப்பது உண்டு. அப்படித்தான் அத்தையும் நாற்பது நாள் குழந்தையாகத் தாத்தா வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் முகம் ஒன்றுதான் சீனம். பேச்சு, நடை, கோபம், கொண்டை எல்லாம் தமிழ். சீனத்தில் ஒரு வார்த்தை தெரியாது. தேக்கா சந்தையில் ஊரிலிருந்து புதிதாக வந்த கடைப் பையன்கள் இவரைப் பார்த்ததும் தெரிந்த நாலு சீன வார்த்தையைத் தடுமாறிச் சொல்வார்கள். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, கத்திரிக்கா முத்தலா இருக்கு, அடியில இருந்து எடுத்துப் போடு" என்பார். பையன் முகம் போகிற போக்கைப் பார்க்கவே நான் சின்ன வயதில் கூடப் போவேன்.

பக்தி என்றால் எங்கள் குடும்பத்தில் அத்தைதான். எங்களுக்கெல்லாம் நெற்றியில் திருநீறு பூசிவிட்டது அவர். ஆடியில் கூழ், புரட்டாசியில் சனிக்கிழமை விரதம், தையில் பால் குடம் என்று வருடம் முழுக்க அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக் கோயிலில் பால் குடத்தைத் தூக்கி அத்தை தலையில் வைப்பது அப்பா. அது பிறந்த வீட்டு ஆண் செய்கிற வேலை என்பது எங்கள் வீட்டு வழக்கம். அங்கிருந்து டேங்க் ரோடு கோயில் வரை அப்பா கூடவே நடப்பார்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கொரோனாவால் நின்றுபோன ஊர்வலத்தை அந்த வருடம்தான் மறுபடி அனுமதித்தார்கள். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. ஆனாலும், "நடந்துதான்டா போவேன். நீ குடத்தைத் தூக்கி வச்சா போதும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். மாமாவும் காலமாகிவிட்டார். பக்கத்து புளோக்கில் இருக்கும் நான்தான் அவருக்கு ஆள்.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். அப்பாவின் பீரோவை ஒழிக்கும்போது பழைய தத்துப் பத்திரம் கிடைத்தது. அத்தையைப் பெற்றவர்களின் பெயரும், அவர்கள் இருந்த கம்பத்தின், அதாவது கிராமத்தின், பெயரும் அதில் இருந்தன. நான் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் அந்த விவரத்தைச் சீனத்தில் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டார். இரண்டு மாதத்தில் ஒருவர் பதில் போட்டார். அத்தையின் கூடப் பிறந்த தம்பி! எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தையைக் கேட்கவேண்டும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அத்தை ஆனந்தக் கண்ணீர் விடுவார் என்று கற்பனை செய்துகொண்டேன்.

அந்த அங்கிள் ரொம்ப சாது. சட்டையை இஸ்திரி போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, சீனப் புத்தாண்டு நேரம் என்பதால் கையில் ஒரு பை ஆரஞ்சும் ஒரு சிவப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். கதவைத் திறந்த அத்தையிடம், "அத்தை, இவரு யாரு தெரியுதா? உங்க கூடப் பொறந்த தம்பி!" என்று சர்க்கஸ்காரன் மாதிரி அறிவித்தேன்.

அத்தை அழவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கும் நெற்றியும் அச்சு அசலாக ஒன்று. பிறகு மலாயில், "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று. பழைய தலைமுறை அல்லவா, இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சந்தை மலாய் ஒன்றுதான். அங்கிள் தலையாட்டிவிட்டுச் சிவப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு உயிரே போய்விட்டது. அது புத்தாண்டுக்குச் சுட்டு விற்கும் இனிப்புப் பன்றி இறைச்சி. ஒரு மாதமாக வெங்காயம்கூடச் சேர்க்காமல் விரதம் இருக்கிற வீடு! அத்தை முகம் சுளிக்கவே இல்லை. "தெரிமா காசி" என்று நன்றி சொல்லி வாங்கி, அதே சிரிப்போடு கொண்டுபோய் வாசல் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு வந்தார்.

கேசரி கொடுத்தார், தேநீர் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள், எங்கே வீடு, இரத்தக் கொதிப்புக்கு என்ன மருந்து என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். பெற்ற அம்மா எப்போது இறந்தார் என்று அத்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போகும்போது அங்கிள் சாமி மாடத்தைப் பார்த்துக் கைகுவித்து மூன்று முறை தலைவணங்கினார். அதோடு அந்தச் சந்திப்பு முடிந்தது.

அவரை லிஃப்டில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். பாராட்டுக்காகத்தான் வந்தேன், பொய் சொல்வானேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பொறந்த வீடு இல்லன்னு நெனச்சியாடா?"

"ஐயோ அத்தை, நான் எதுக்காக..."

"நான் கேட்டேனா? எங்கண்ணன் இருந்தா இப்படி ஒருத்தரைக் கூட்டியாந்து, இந்தா உன் வீடுன்னு காட்டியிருப்பாரா? அவரு போனதும் என்னைத் திருப்பிக் குடுக்கப் பாக்குறியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நல்லது செய்தால் இப்படியா என்று கத்தினேன். இரண்டு மாதம் அலைந்தேன், இதற்கு இதுதான் கூலியா என்று ஏதேதோ பேசினேன். அத்தை குரலை உயர்த்தவே இல்லை.

"தைப்பூசத்துக்கு நீ வரவேணாம். குடத்தை நானே தூக்கிக்குவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமித் தீர்த்தேன். அவள் புதுக்கோட்டைப் பக்கம். கீரை ஆய்ந்துகொண்டே முழுக்கக் கேட்டாள்.

"உங்கப்பா இருந்தவரைக்கும் பொங்கலுக்கு வருஷம் தவறாம அத்தைக்கு வரிசை போச்சு. அவர் போனப்புறம் மூணு பொங்கல் வந்துச்சு. நான் ஞாபகப்படுத்தினேன். எல்லாம்தான் சூப்பர் மார்க்கெட்ல கிடைக்குதேன்னு சொன்னீங்க. வரிசை போகல. இப்ப அதுக்குப் பதிலா ஒரு அங்கிளை அனுப்பி வச்சிருக்கீங்க. அவங்க வேற என்னங்க நினைப்பாங்க?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. புதுப் பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு புடவை. அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் இவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவார். டாக்சியில் போங்களேன் என்றால், கரும்பை மடிக்க முடியாதே என்பார். அந்த வரிசை வருகிறவரை அத்தை அடுப்பில் பானை ஏற்றமாட்டார். அது ஏதோ பழைய காலத்துச் சம்பிரதாயம் என்று நான் சுலபமாக விட்டுவிட்டேன். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை ஊரறியச் சொல்வது அதுதான் என்பது என் மர மண்டைக்கு ஏறவில்லை. மூன்று பொங்கலாக அத்தை என்ன செய்திருப்பார், எத்தனை மணி வரை காத்திருந்திருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்கு ஓடினேன். பானை கிடைத்தது. அரிசி, வெல்லம், புடவை எல்லாம் வாங்கிவிட்டேன். மஞ்சள் கொத்தும் கரும்பும்தான் எங்கும் இல்லை. ஃபேரர் பார்க் வரை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். "பொங்க முடிஞ்சு ரெண்டு வாரமாச்சுண்ணே, இப்ப வந்து மஞ்சக் கொத்து கேக்குறீங்க? அடுத்த வருஷத்துக்கா?" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். காய்ந்த விரலி மஞ்சளும், கரும்புக்குப் பதிலாகச் சாறு பிழிகிற கடையில் கெஞ்சி வாங்கிய இரண்டு முழத் துண்டுகளும் எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில்தான் போனேன்.

அத்தை கதவைத் திறந்து, இடுப்பில் பானையும் தோளில் கரும்புத் துண்டுமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தை மாசம் பாதி போனப்புறம் பொங்கல் கொண்டாடுறது எந்த ஊருடா மருமகனே?" என்றார்.

"மன்னிச்சிருங்க அத்தை."

"சரி சரி, பானையை எறக்கு. ஒடச்சிறாத."

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்த நாலாவது மாடி வீட்டில், நாங்கள் இரண்டே பேர் பொங்கல் வைத்தோம். பால் பொங்கும்போது அத்தை வாய்விட்டே "பொங்கலோ பொங்கல்" என்றார். எதிர் வீட்டுச் சீனக் கிழவி எட்டிப் பார்த்தாள். சாப்பிடும்போது, பேச்சை மாற்றுவதற்காக, நாலு தலைமுறையாக நம் குடும்பம் பால் குடம் எடுக்கிறது, அதை விடக்கூடாது என்று ஆரம்பித்தேன். அலுவலகத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிற கதை அது. கொள்ளுத் தாத்தா கப்பலேறி வரும்போதே கொண்டுவந்த வேண்டுதல் என்று.

அத்தை சிரித்துவிட்டார். "யாருடா சொன்னது? உங்க தாத்தா சுயமரியாதைக்காரரு. சாமி இல்லன்னு மேடையேறிப் பேசுறவரு. கோயில் இருக்குற தெருவுலகூட நடக்கமாட்டாரு."

பிறகு நடந்ததை முழுசாகச் சொன்னார். அத்தை அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நம்பிக்கை சொல்லவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா, எட்டு வயசு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கோயில் வாசலுக்குப் போயிருக்கிறார். உள்ளே போகவில்லை. வெளியிலேயே நின்று, பிள்ளை பிழைத்தால் வருடா வருடம் பால் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். குழந்தை பிழைத்தது. தாத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"அதுக்கப்புறம் மேடையில பேசுறதை விட்டுட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்க விட்டாரு? வருஷம் முழுக்க சாமி இல்லன்னு பேசுவாரு. தைப்பூசத்தன்னைக்கு மட்டும் வாயைத் தொறக்காம குடம் எடுப்பாரு. கூட்டாளிங்க கேலி பண்ணா, 'எனக்காகவாய்யா எடுக்குறேன்? எம் பொண்ணுக்காக'ன்னுவாரு."

"அப்பா இதை என்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை."

அத்தை எனக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார்.

"எப்படிடா சொல்லுவாரு? அதைச் சொன்னா, நான் வெளியில இருந்து வந்தவள்னும் சேத்துச் சொல்லணும்ல. எங்கண்ணன் வாயில இருந்து கடைசி வரைக்கும் அந்த வார்த்தை வரல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசத்தன்று, நான்தான் குடத்தைத் தூக்கி அத்தை தலையில் வைத்தேன். அந்த அங்கிளையும் வரச்சொல்லி அத்தையே ஃபோன் செய்திருந்தார். "விருந்தாளி வந்தா வேணாங்கவா போறேன்? பெட்டி மட்டும் கொண்டாற வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் சாலையோரத்தில் குடையோடு நின்று கையசைத்தார். அத்தை முழங்கால் வலியோடு அத்தனை தூரமும் நடந்தார். நான் அவர் பக்கத்தில், அப்பா நடந்த இடத்தில் நடந்தேன்.

அத்தை போன வருடம் காலமானார். புளோக்குக்குக் கீழே, திறந்த தரைத்தளத்தில்தான் காரியம். ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் வந்திருந்தான். அங்கிளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கத்தில், ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வரவேண்டும். அந்தக் கோடியைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். சடங்கு செய்துவைக்க வந்தவருக்கு எங்கள் கதை தெரியாது. "பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?" என்று கேட்டார். அத்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு அதே மூக்கும் நெற்றியுமாக உட்கார்ந்திருந்த அங்கிளைப் பார்த்தார். கூட்டமும் அவரைத்தான் பார்த்தது.

அங்கிளுக்குக் கேள்வி புரிந்ததோ இல்லையோ, புடவையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, தலையை அசைத்து, "பூக்கான் சாயா" என்று மலாயில் சொன்னார். நானில்லை என்று. பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் எழுந்து போய் என் அத்தைக்குக் கோடி போர்த்தினேன். சாமி உண்டா இல்லையா என்று எனக்கு இன்னும் சண்டை உண்டு, அது தாத்தா வழி வந்த புத்தியாக இருக்கும். ஆனால் தைப்பூசம் வந்தால் நானே பால் குடம் எடுத்துவிடுகிறேன். யாருக்காக என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பெண்ணுக்காக என்று சொல்கிறேன்.