மொரேல் வீட்டு நாத்தனார்

என் வீட்டுக்காரர் ஜெயரூபனைப் பற்றிப் பதுளையில் யாரைக் கேட்டாலும் நல்ல மாதிரித்தான் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருந்துக் கடையில் நிற்கிறார். டாக்டர் கிறுக்கியதைப் படித்துச் சரியான மாத்திரையை எடுப்பார். எதை எந்த நேரம் போடவேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவார். குடி கிடையாது, வெற்றிலை கிடையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பேர்ப் பைத்தியம். அதோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று என்னைத்தான் கேட்கவேண்டும்.

பேர் மொரேல். என் மாமனாரின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பேர் 'மொரேல் நடேசன்' என்று இருக்கிறது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளையின் தகப்பனுக்கு இதென்ன பேர் என்று என் வீட்டுக்காரர் தேட ஆரம்பித்தவர்தான், இன்னும் விடவில்லை. காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் சிலர் சாதி வழக்கத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறோம் என்று எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடும்பப் பேர் வைத்துக்கொண்டார்களாம். அப்படியொரு மொரேல் குடும்பத்து ஆள் கப்பலேறி மலைக்கு வந்தவர்தான் தன் தாத்தா என்பது இவர் கண்டுபிடிப்பு. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உலகப் படத்தை ஒட்டி, மொரேல்கள் இருக்கிற ஊரிலெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தார். என்னுடைய பொட்டு அட்டை அது. பிரான்சுக்கே பாதி அட்டை போய்விட்டது.

"அந்தப் பேருக்கு என்னதாங்க அர்த்தம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கறுத்த ஆளுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல அங்க நெறம் கம்மியானவங்கள அப்பிடிக் கூப்பிட்டிருக்காங்க."

"கருப்பையான்னு கூப்பிடுறதுக்கு பிரான்சு வரைக்கும் போகணுமாக்கும். எங்க வீட்டுலயே மூணு கருப்பையா இருக்காங்க. வந்து பொட்டு வைங்க."

அவர் அட்டையிலிருந்து அடுத்த பொட்டை உரித்தார்.

அதுவரைக்கும் வெறும் எரிச்சல்தான். வயிறு எரிய ஆரம்பித்தது கொரீன் வந்த பிறகு. கொரீன் மொரேல், பிரான்சில் பள்ளிக்கூட டீச்சர். அவளும் இதே பேரைத் தேடிக்கொண்டிருந்தவள், பேஸ்புக்கில் இவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுடையது காரைக்காலிலிருந்து போன மொரேல் குடும்பமாம். ஆனால் ஆள் சுத்த வெள்ளைக்காரி. "கலந்து கலந்து வெளுத்திருக்கும்" என்று இவர் விளக்கம் சொன்னார். தனியாக இருக்கிறாள். கல்யாணம் ஆனவளா என்று கேட்பது மரியாதையில்லை என்று இவர் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சோறு ஆறிக் கிடக்கும். இவர் போனைப் பிடித்துக்கொண்டு இளித்துக்கொண்டிருப்பார். அவள் பிரெஞ்சில் பேசுவதைப் போன் தமிழாக்கி, செய்தி வாசிக்கிற மாதிரி சொல்லும். "இன்று உங்கள் சட்டை மிகவும் அழகாக உள்ளது" என்றது ஒரு நாள். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டை, காலையில் நான் அயர்ன் பண்ணின சட்டை. அவருக்கு முகமெல்லாம் பல். நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று அந்த மனிதர் பார்த்தே பல வருசமிருக்கும்.

"அவ உங்களுக்கு என்ன முறை?" என்று பிடித்துக்கொண்டேன்.

"கஸின்."

"கஸின்னு நம்மகிட்ட ஒரு முறை கெடையாது. கூடப்பொறந்தவளா, முறைப்பொண்ணா?"

"ஒரே குடும்பப் பேருன்னா பங்காளி வீடுதானே. என்ன விட மூத்தவங்க. அக்கா முறை வரும்."

அக்கா என்றால் எனக்கு நாத்தனார். அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனாலும் எந்த வீட்டில் அக்காவோடு வாராவாரம் இப்படிக் குழைகிறார்கள்?

பிறகு அவள் நேரிலேயே வரப்போவதாகச் சொன்னாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. முன்சுவருக்குப் பெயின்ட் அடித்தார், புதுக் கோப்பைகள் வாங்கி வந்தார். எங்கம்மா வந்தபோது காது உடைந்த கோப்பையில்தான் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேரில் எங்கேயாவது ஓர் ஓட்டை அகப்படாதா என்று, கோயிலுக்குப் போவதாகச் சொல்லி லுணுகலைக்குப் பஸ் ஏறினேன்.

மாமனார் பிறந்த லயத்தில், அடுத்த காம்பராவில் இராக்கம்மா இருக்கிறார். கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். மொரேல் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த மொரேலு நடேசன் காய்ச்சல்ல செத்துட்டாரும்மா. புள்ள குட்டி கெடையாது. தோட்டத்துப் புத்தகத்துல அவரு பேர வெட்டுனா காம்பராவும் போயிரும், ஆளும் கொறையும்னு, புதுசா வந்திருந்த வீரய்யாவ அந்தப் பேருக்கு நிக்கச் சொன்னது கங்காணி. காலையில பெரட்டுல ஆளு கணக்கெடுக்கிறப்ப மொரேலுன்னு கூப்பிட்டா, 'ஐயா'ன்னுட்டு வீரய்யா நிப்பாரு. அந்தக் கங்காணி எங்கப்பாதான். அப்ப இதெல்லாம் எல்லா தோட்டத்துலயும் நடந்ததுதான். அந்த வீரய்யாதான் ஒன் புருசனோட தாத்தா."

திரும்பி வருகிற பஸ்ஸில் பசறை வரைக்கும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்த உலகப் படத்தை நானே கிழிக்கிறேன் என்று இருந்தேன். பசறை தாண்டியபிறகுதான் மண்டையில் உறைத்தது. பேர் இவருடையது இல்லையென்றால் பங்காளி இல்லை. பங்காளி இல்லையென்றால் அவள் அக்கா இல்லை. அப்போது அவள் யார்? என் புருசனுடைய சட்டை அழகாக இருக்கிறது என்று சொல்கிற ஒரு பொம்பளை, அவ்வளவுதான். நாத்தனார் ஸ்தானத்திலிருந்து அவளை நானே இறக்கிவிடுவதா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மூடியதோடு நிற்கவில்லை. கடைவீதியில் இறங்கி ஒரு நல்ல சீலை எடுத்தேன். கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வந்தால் சீலை வைத்துக் கொடுப்பதுதானே முறை. நாலு பேர் பார்க்கக் கொடுத்துவிட்டால் அதன்பிறகு யாராலும் முறையை மாற்ற முடியாது.

கொரீன் அப்புத்தளையில் அறை எடுத்துத் தங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வந்தாள். போனில் பார்த்ததைவிட வயசாகத்தான் தெரிந்தாள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். பக்கத்து வீட்டு நளீராவையும் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்திருந்தேன். தட்டில் வெற்றிலை, பழம், சீலை. "அக்காவுக்குத் தம்பி குடுக்கிறது, வாங்கிக்குங்க" என்று சொல்லி இவர் கையாலேயே கொடுக்க வைத்தேன். போன் அதைப் பிரெஞ்சில் சொன்னது.

அவள் சீலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். குரல் உடைந்தது. போனுக்கு அதெல்லாம் தெரியுமா, அது பாட்டுக்குச் சொன்னது: "நான் உங்கள் சகோதரி அல்ல. மொரேல் என் கணவரின் குடும்பப் பெயர். எங்கள் நாட்டில் மனைவி அதை எடுத்துக்கொள்வாள். அவர் இறந்துவிட்டார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவருடைய இரத்தம் உலகில் எங்காவது மீதமிருக்கிறதா என்றுதான் தேடினேன். நீங்கள் சிரிக்கும்போது அவர் சிரிப்பது போலவே உள்ளது. அதற்காகத்தான் ஞாயிறுதோறும் அழைத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் புருசன் முகத்தில் தன் புருசனைப் பார்க்கத்தான் வாராவாரம் உட்கார்ந்திருந்தாளா? இவரானால் கண் கலங்கி நிற்கிறார். "அவரு சிரிப்பு எங்கிட்ட இருக்காம், விஜயா" என்றார்.

அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்கல்லவா தெரியும். வீரய்யா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சீலையைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விடுவாள், இனி ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. வாயைத் திறந்துவிட்டேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இருக்காதாக்கா பின்ன" என்றேன், போனைப் பார்த்து. "ரத்தம் எங்க போகும்."

போன் அதைப் பிரெஞ்சில் சொன்னது. அவள் எழுந்து வந்து கட்டிப்பிடித்து அழுதாள். இவரை இல்லை, என்னை. வயிறு எரிய எரிய நானும் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.