இரண்டாவது டிரைவரின் கார்டு

எனக்குக் கற்பனை வராது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்த்து எழுதியவள் நான். அதனால் இதில் ஒரு வரிகூட நானாகச் சேர்த்தது கிடையாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அவ்வளவுதான். நேரமெல்லாம் துல்லியமாக இருக்கும். லாரி ஓட்டுகிறவளுக்கு மணி பார்ப்பதுதான் பாதி வேலை. நம்பாதவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. பட்டப்பகலில் நடந்தது.

என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் அடிபட்டு வேலை போனதும், நான் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தேன். பயிற்சிப் பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள். 'நெடுந்தூர லாரி டிரைவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு! பயிற்சி முடித்த மறுநாளே வேலை!' முடித்தேன். மறுநாளிலிருந்து பதினான்கு கம்பெனி ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

"ஒரு வருஷ அனுபவம் இருக்கா?"

"வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்?"

"அனுபவம் வந்ததும் வாங்க."

வயிறு எரிந்தது. என் நாத்தனார் வேறு, "லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டுங்க அண்ணி" என்று நக்கலடித்தாள். பதினைந்தாவது கம்பெனியில்தான் எடுத்துக்கொண்டார்கள். அங்கே டிரைவர்கள் எல்லோருமே புதியவர்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அனுபவம் உள்ள ஒருத்தன்கூட ஏன் அங்கே இல்லை என்று நான் யோசிக்கவே இல்லை.

லோடு மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிச்ச மூஞ்சி. பத்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு மேனேஜர் ஆனவர். திட்டும்போதும் சிரிப்பார். ஒரு வருஷம் முடித்தால் அனுபவக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கடிதம் இருந்தால் எந்தக் கம்பெனியிலும் வேலை. நடுவில் நின்றால் உழைத்ததெல்லாம் அம்போ. எனக்குப் பதினோரு மாதம் முடிந்து, மூன்றே வாரம் பாக்கி இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மருந்து லோடு. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். மறுநாள் ராத்திரிக்குள் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு கருவி உண்டு. மணிப்பெட்டி என்போம். யார் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார்கள் என்று அது பதிவு செய்யும். இரண்டு டிரைவருக்கு இரண்டு ஓட்டை. அவரவர் கார்டைச் சொருக வேண்டும். ஒரு ஆள் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அது கத்தும், கம்பெனி மாட்டிக்கொள்ளும். பத்து மணி நேரம் ஆனதும் இரண்டாவது டிரைவர் ஓட்ட வேண்டும், முதல் டிரைவர் பின்னால் படுக்கையில் தூங்க வேண்டும். அதுதான் சட்டம்.

"இன்னொரு டிரைவர் எங்க சார்?" என்று கேட்டேன்.

சிரிச்ச மூஞ்சி மேசை டிராயரிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார். "இந்தாம்மா டிரைவர்."

"இது கார்டு சார்."

"பத்து மணி நேரம் ஆனதும் கார்டை மாத்திச் சொருகிட்டு நீயே ஓட்டு. பெட்டிக்கு என்ன கண்ணா இருக்கு? முடியலன்னா சொல்லிடு. உன் லெட்டருக்கு வெளிய ஐம்பது பேர் நிக்கிறாங்க."

வாங்கிக்கொண்டேன். கார்டில் ஒரு பையன் படம். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். நல்ல நீள முகம். பெயரும் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அவனைப் பெற்றவள் இன்னும் இருக்கிறாள்.

ராத்திரி பதினொன்று இருபதுக்கு வண்டியை எடுத்தேன். வழியில் அரை மணி நேரம் ஓய்வு. விடிந்தது. டீசல் நிரப்பினேன். காலை ஒன்பது ஐம்பதுக்கு மணிப்பெட்டி 'பீப்... பீப்...' என்றது. ஓரம் கட்டினேன். கார்டுகளை மாற்றிச் சொருகினேன்.

பயிற்சிப் பள்ளியில் எங்கள் மண்டையில் ஏற்றிய ஒரு பழக்கம் உண்டு. தூங்குகிற டிரைவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. படுக்கைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அவர் முழித்துக்கொண்டு இரண்டு தட்டுத் திருப்பித் தட்டினால், வண்டியை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வண்டி அவர் பொறுப்பு. அவர் அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

கார்டை மாற்றியதும் என் கை தானாகப் பின்னால் போனது. பழக்கதோஷம். தட்... தட்...

'தட்... தட்...'

பின்னாலிருந்து வந்தது.

படுக்கைக்கு முன்னால் தொங்கிய திரையை விலக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. சுருட்டிப் போட்டிருந்த என் போர்வை மட்டும் நான்காக மடித்து வைத்திருந்தது. வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று பிள்ளைகளின் கூச்சலோடு தாண்டிப் போனது. வெயிலில் தகரம் சுருங்கி விரிந்தால் சத்தம் வரும். போர்வையை நானே மடித்திருப்பேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நான் ஜென்மத்தில் போர்வை மடித்ததில்லை.

10:35. பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். சாலை தெரியவில்லை. வானம் தெரிந்தது. என்னைவிட உயரமான ஆள் உட்கார்ந்தால் எப்படித் திருப்பி வைப்பாரோ, அப்படித் திரும்பியிருந்தது. சரி செய்தேன்.

11:05. மறுபடியும் வானம்.

11:20. 'சர்ர்ர்...' என்று சீட் பின்னால் நகர்ந்தது. அடியிலிருக்கும் தண்டவாளத்தில் இரண்டு பல் தூரம். என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. அலறிவிட்டேன். எக்கி மிதித்து வேகத்தைக் குறைத்து, சீட்டை முன்னால் இழுத்தேன். நிறுத்தவா? நிறுத்தினால் லோடு தாமதம். லோடு தாமதமானால் லெட்டர் போச்சு. ஓட்டினேன்.

12:52. தூக்கம் அமுக்கியது. கண் சொக்கியது. வண்டி கோட்டைத் தாண்டுவது தெரிகிறது... கை அசைய மாட்டேன் என்கிறது...

ஸ்டியரிங் தானாகத் திரும்பியது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருப்பவில்லை. எதிரே வந்த பஸ் ஒரு முழ இடைவெளியில் ஹாரன் அலற ஓடியது.

12:58. போன் அடித்தது. சிரிச்ச மூஞ்சி. ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. மனுஷன் அன்றைக்குக் காலை விமானத்தில், நான் போகிற வழியில் இருந்த ஒரு ஊருக்குப் பயிற்சிப் பள்ளியில் பேசப் போயிருந்தார். தலைப்பு, 'புதிய டிரைவர்களுக்குக் காத்திருக்கும் எதிர்காலம்'.

"எங்கம்மா இருக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் காதுக்குப் பின்னால் ஒரு குரல்.

"சார்... ரெண்டாவது ஆள் எங்க சார்?"

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும்மா அது?"

"தெ... தெரியல சார்."

"பதினேழு மணி நேரம் ஓட்டிட்டேன் சார். கண்ணு தெரியல. ரெண்டாவது ஆளை அனுப்புங்க சார்..."

போன் கட்டானது. 1:01.

வண்டிக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். கழுத்தில் குளிர் மூச்சு.

"அக்கா. ஓரம் கட்டுங்க."

கட்டினேன்.

"எறங்குங்க. இது என் ஷிஃப்ட்."

குதித்தேன். 1:09. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. 'டொக்.' பூட்டு விழுந்தது.

சாலையோர மரத்தடியில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். இடையில் இரண்டு தடவை போய்க் கதவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

5:25. வண்டி நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ்ஸில் பார்த்து, வாடகைக் காரில் சிரிச்ச மூஞ்சி வந்து இறங்கினார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எவனை ஏத்திக்கிட்டுச் சுத்துற?"

"சார், நான் யாரையும்..."

"ஆம்பளைக் குரல் என் காதுல கேட்டுச்சு. புருஷன் படுத்த படுக்கையா கிடக்கான், உனக்கு வண்டியில துணை கேக்குதோ?"

எனக்குப் பயமெல்லாம் ஓடிப்போய்விட்டது. அந்த இடத்தில் செருப்பைக் கழற்றியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சார், உள்ள ஏறாதீங்க. அந்தக் கார்டு..."

"வாயை மூடு. லெட்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இனிமே எந்தக் கம்பெனியிலயும் நீ ஸ்டியரிங் தொட முடியாதபடி பண்றேன் பாரு."

வாயை மூடு என்றார். மூடிக்கொண்டேன்.

நாலு மணி நேரமாகத் திறக்காத கதவு அவர் கை பட்டதும் திறந்தது. ஏறினார். என் பையையும் என் கார்டையும் வெளியே வீசினார். பர்ஸிலிருந்து தன் கார்டை எடுத்துச் சொருகினார். அந்தப் பையன் கார்டு பக்கத்து ஓட்டையில் அப்படியே இருந்தது.

அப்போது கேட்டது.

'தட்... தட்...'

பின்னால், பலகையில்.

பத்து வருஷம் ஓட்டிய கை. யோசிக்காமல் பின்னால் போனது.

தட். தட்.

திருப்பித் தட்டிவிட்டார்.

தட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெல்லத் தலையைத் திருப்பினார். திரையைப் பார்த்தார். அங்கே என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பியபோது அவர் உதடு அசைந்தது. 'திற' என்றாரோ என்னவோ.

'டொக்.'

வண்டி கிளம்பியது. 5:35.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நடந்ததை ஆபீஸில் போன் எடுக்கிற பெண் சொன்னாள். ராத்திரி முழுக்க நாற்பத்தொரு தடவை கூப்பிட்டாராம். "நிறுத்த முடியல... கால் எடுக்க வரல..." என்று அழுதாராம். கடைசி அழைப்புகளில் பேச்சே இல்லையாம். சரக்கு இறக்க வேண்டிய ஊரை நிற்காமல் தாண்டியிருக்கிறார். மறுநாள் காலை பத்து முப்பத்தைந்துக்கு ஒரு வளைவில் வண்டி ஒழுங்காக ஓரம் கட்டி நின்றது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. அவர் சீட்டில் இருந்தார். கண் மூடாமல். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

மணிப்பெட்டிக் கணக்குப்படி சரியாகப் பதினேழு மணி நேரம்.

கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை. பதினோரு மாதமும் போச்சு. இப்போது மறுபடியும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறேன். "இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே, ஒரு உயிராச்சே" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சில நாள் அது எனக்கும் உறுத்தத்தான் செய்தது.

பத்து நாள் கழித்து விசாரணை அதிகாரியான ஒரு அம்மா என் வீட்டுக்கு வந்தார். கார்டுப் பையனைப் பற்றி அவர்தான் சொன்னார். நான்கு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், அதே வளைவில் செத்தவன். பதினேழாவது மணி நேரத்தில் கண் அசந்துவிட்டான். இரண்டு டிரைவர் போன வண்டி, இவன் முறையில் இவன் தூங்கிவிட்டான், பையன்மேல்தான் தப்பு என்று கம்பெனி எழுதிக்கொடுத்துக் கைகழுவிவிட்டது.

"அன்னிக்கும் வண்டியில இருந்தது அவன் ஒருத்தன்தான்மா," என்றார் அந்த அம்மா. "ஆனா பெட்டியில ரெண்டு கார்டு. ஒண்ணு அவனோடது."

"இன்னொண்ணு?"

கோப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தார். கார்டின் நகல். இளைய முகம்தான், ஆனாலும் பார்த்ததும் தெரிந்தது. மேனேஜர் ஆனதும் தன் பழைய டிரைவர் கார்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார், புதுப் பையன்களின் வண்டியில் சொருகி அனுப்புவதற்கு.

நான்கு வருஷமாக அந்தப் பையன் கேட்டுக்கொண்டிருந்த இரண்டாவது ஆள் அவர்தான்.

அதிகாரி போன பிறகு கதவைச் சாத்தினேன். இந்த மாதிரி அனுபவம் எழுதுகிறவர்கள், அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை என்பார்கள். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.