ஸ்கிராப்புக்குப் போகிற வண்டி

வேனின் சிஓஇ முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தபோதே என் வீட்டுக்காரர் அதற்குக் கருமாதி செய்துவிட்டார். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் அந்த உரிமம் பத்து வருடத்துக்குத்தான்; அது முடிந்ததும் இதைத் தள்ளிவிட்டுப் புது வேன் எடுக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஸ்கிராப்புக்குப் போற வண்டிக்கு எதுக்கு நல்ல ஆயில்?" என்று எஞ்சின் ஆயில் மாற்றுவதையே நிறுத்தினார். பழையதை வடிக்காமல், குறைகிற அளவை மட்டும் அதன்மேலேயே ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஓட்டியது நான். ஃபேரர் பார்க்கில் எங்கள் கேட்டரிங் சமையலறை. விடிந்ததிலிருந்து அடுப்பில் வெந்துவிட்டு, பதினோரு மணிக்குச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாகப் போகும் அந்த மூன்று மணி நேரம் மட்டும் யாரும் என்னை ஏவ முடியாது. அதற்காகத்தான் மிச்ச நாளைச் சகித்துக்கொண்டேன்.

ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில் காலையில் ஸ்டார்ட் செய்தால், எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டும். உலோகமும் உலோகமும் உரசாமல் நடுவில் நிற்பது ஆயில்தான் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? சொன்னேன். பாகுபோல் கெட்டியான ஆயில் ஒரு டப்பா வாங்கி ஊற்றினார். சத்தம் அமுங்கியது. பெருமை வேறு.

பிறகு புது வேன் விலை எங்களுக்கு எட்டாமல் போனது. ஸ்கிராப்புக்கு நேர்ந்துவிட்ட வண்டிக்கே சிஓஇயை ஐந்து வருடம் நீட்டித்தார். இப்போதாவது ஆயிலை வடித்து மாற்றுங்கள் என்றேன். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றார்.

அதற்குள் ஒரு நாள், எக்ஸ்பிரஸ்வேயில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. அவருக்குப் போன் போட்டேன்.

"அது சென்சர் கோளாறு லா. சாப்பாடு லேட்டாயிடும், நீ ஓட்டு."

ஓட்டினேன். அதற்காக என் மேலேயே எனக்கு இன்றும் ஆத்திரம். சற்று நேரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டு, வண்டி நின்றுவிட்டது.

வொர்க்‌ஷாப்பில் எஞ்சினைப் பிரித்தார்கள். ஆயில் உறிஞ்சும் வலையைத் தார்போன்ற கசடு அடைத்திருந்தது. மெக்கானிக் பேரிங் தகடுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. ஒன்று கருகியே போயிருந்தது. இது பல மாதத் தேய்மானம் என்றார். லைட் எரிந்ததா என்றும் கேட்டார்.

"எரிஞ்சிருக்கு. இவதான் ஓட்டிட்டிருந்தா," என்றார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

மெக்கானிக் என் பக்கம் திரும்பினார். "ஏன்க்கா நிறுத்தல?"

வெளியாள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஊறிப்போன புத்தி எனக்கு. பாழாய்ப்போன புத்தி.

"நான் கவனிக்கல தம்பி," என்றேன்.

இப்போது வாடகை வேன். அவரே ஓட்டுகிறார். நான் நாள் முழுவதும் அடுப்படியில் கிடக்கிறேன். உறவுக்காரர்கள் கேட்டால், அவளுக்கு வண்டி சரிப்படாது, லைட் எரிந்தால்கூடப் பார்க்க மாட்டாள் என்று என் எதிரிலேயே சொல்கிறார். முதலில் நடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே நம்புகிறார். அவர் நம்பும்படி வாயைத் திறந்து சொன்னவள் நான்தான்.