உபவாச நாளில் ஒரு கிண்ணம் கஞ்சி

அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். புத்தாண்டின் முதல் வாரம் சபையில் உபவாச ஜெபம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வேலை பார்த்துவிட்டு, மறதி நோய் கண்ட மாமியாருக்குக் கஞ்சி ஊட்ட மதியம் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

மாமியார் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

"இன்னைக்கு உபவாசம் அத்தை."

"அப்ப எனக்கும் வேணாம்."

'சாப்பிட்டியா' என்பது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை கேட்காத கேள்வி. இவள் கெஞ்சினாள், அதட்டினாள், பலிக்கவில்லை. காலெல்லாம் கடுத்தது, மல்லுக்கட்டத் தெம்பில்லை. "என்னை மன்னியும் ஆண்டவரே" என்று முணுமுணுத்து ஒரு வாய் விழுங்கினாள். உடனே மாமியாரும் வாயைத் திறந்தாள். மாறி மாறிச் சாப்பிட்டதில் கிண்ணம் காலியானது.

மாலையில் சபைக்குப் போனபோது பாஸ்டர், "உபவாசமாம்மா?" என்று கேட்டார்.

"இல்லை பாஸ்டர், சாப்பிட்டுட்டேன்" என்றாள். பிறகு ஜெபிக்க முழங்காலிட்டவள், அப்படியே தூங்கிப்போனாள்.