மறுபாதிக்குக் காத்திருந்த ரெஜினா அக்கா

புதன்கிழமை காலைப் பூசைக்குக் கிளம்பும்போது எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: ரெஜினா அக்கா இறைவனடி சேர்ந்தார். ஓராண்டாகப் புற்றுநோயோடு இருந்தவர், எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் செருப்பு மாட்டிய காலோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த உங்களில் பலருக்கு அவரை ஓய்வுபெற்ற நர்ஸாகத் தெரியும். வாய் கொஞ்சம் நீளம் என்பதும் தெரியும். என் மகன் கெவின் நந்தனம் அருகே பைக் விபத்தில் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தேவசித்தம் என்றார்கள். ஒரு பெரியவர் மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது அக்கா குறுக்கிட்டார்.

"அவரு சித்தம் உங்களுக்கு எப்டி தெரியும்? சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா சும்மா குந்துங்க."

அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

பிறகு நான் ஜெபிப்பதை விட்டேன். கடவுள் மேல் அவ்வளவு கோபம். அக்கா மட்டும் தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து என் எதிரில் அமர்ந்து ஜெபமாலையைத் தொடங்குவார். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் மறுபாதியைச் சொல்வது நம் வழக்கம். நான் வாயே திறக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவரே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் பாதிக்கு ஆகும் நேரம் வரை பேசாமல் இருந்துவிட்டு அடுத்த மணிக்குப் போவார். ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "அது உன் பங்கும்மா. நான் எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

ஏழு வாரம் இப்படியே போனது. ஒரு மாலை, ஏனென்று இன்றும் தெரியாது, அழுகையோடு மறுபாதி என் வாயில் வந்துவிட்டது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மணியை உருட்டினார்.

அவரைப் புனிதையாக்க எனக்கு விருப்பமில்லை. வலி எலும்புக்கு இறங்கியபோது அவருக்கும் கடவுள் மேல் கோபம் வந்தது. ஜெபமாலையோடு போன என்னிடம், "இன்னிக்கு அவரோட பேச்சுவார்த்தை இல்ல. நீ ஆரம்பி. வந்தா வர்றேன்" என்றார். நான் ஆரம்பித்தேன். மூன்று நாள் பதிலே இல்லை. காத்திருப்பது இவ்வளவு கஷ்டமா என்று அப்போதுதான் புரிந்தது. நான்காம் நாள் முனகலாக வந்தது. அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் விடவில்லை; பேச்சு நின்ற கடைசி ஞாயிறன்றுகூட உதடு அசைந்தது.

அடக்கம் முடிந்தது. இப்போது மாலையில் தனியாகத்தான் சொல்கிறேன். முதல் பாதியைச் சொல்லிவிட்டு, அக்காவின் பாதிக்கு ஆகும் நேரம் வரை நிறுத்துகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மௌனத்தைத்தான். அவருடைய பங்கை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உயிர்த்தெழுதலை நம்புகிறவள் நான், பதில் வரும்.