மதர்போர்டே போதும் என்றேன்

ஹாலிஎலயில் ஸ்டூடியோ நடத்தும் செல்வி அக்கா, படங்களைச் சேமிக்கும் கணினிக்குத் டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் தனி ரெய்ட் கார்டு வேண்டுமா என்று, கணினி பொருத்தித் தரும் என்னிடம் கேட்டார். நான்கு ஹார்ட் டிஸ்க்குகளையும் மதர்போர்டே இணைத்துவிடும், கார்டு வீண் என்றேன்.

மறு வருடம் மதர்போர்டு எரிந்துபோனது. நான் மாட்டிய வேறு வகை போர்டுக்குப் பழைய இணைப்பு புரியவில்லை. அதே வகையைத் தேடியிருக்க வேண்டும். அவசரப்பட்டு, டிஸ்க்குகளைப் புதிதாக இணைக்கக் கட்டளை கொடுத்தேன். அதில் சேர்த்து வைத்திருந்த பல வருடப் படங்கள் அழிந்தன. வேறு பிரதியும் இல்லை.

அக்கா திட்டவில்லை. "தோட்டத்து லயத்துல வீட்டுக்கு வீடு நாம குடுத்த பிரிண்ட் இருக்கும். வாங்க, வாங்கிட்டு வந்து ஸ்கேன் பண்ணுவோம்" என்றார்.

பூனாகலைத் தோட்டத்தில் ஓர் அம்மா, இறந்துபோன மகளின் ஒரே படத்தை மாலையிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"கம்ப்யூட்டர் பழுதாகிருச்சும்மா" என்று அக்கா என்னைக் காப்பாற்றப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தாம்மா அழிச்சிட்டேன்."

அந்த அம்மா மாலையைக் கழற்றி, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, படத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீங்களே கொண்டுபோங்க தம்பி. இந்தத் தடவ பாத்துக்குவீங்க."

இப்போதெல்லாம் கார்டா, மதர்போர்டா என்று யாராவது கேட்டால், அதில் யாருடைய படங்கள் இருக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.