சமையலறையில் நின்ற சிநேகிதி

பலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பிலிப்பினோப் பெண் வேலை செய்கிறாள். நான் பராமரிக்கும் சின்யோராவுக்கு, அதுதான் வீட்டுக்கார அம்மாவுக்கு, நடக்க ஏலாது, அவள் பார்க்கும் சின்யோராவுக்குக் காது கேளாது. உடுப்புக் காயப்போடுகிற நேரத்தில் அவள் மேல் பல்கனியிலும் நான் கீழ் பல்கனியிலும் நின்று இத்தாலியனில் கதைப்போம். அவள் என்னை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவாள். முதல் தடவை அது ‘ஆத்தா’ என்று காதில் விழ, எனக்கு அவ்வளவு வயது தெரிகிறதோ என்று உள்ளே போய்க் கண்ணாடி பார்த்தேன். அவர்களுடைய பாஷையில் ஆத்தே என்றால் அக்காவாம்.

போன மாரியில் ஒரு நாள் அவள் மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

“ஆத்தே, எங்கட ஆக்களைப் பற்றி ஒரு நாடகம் வந்திருக்கு. எல்லாரும் பாக்கினம். சுத்தப் பொய்.”

“பொய் எண்டால் நீர் ஏன் பாக்கிறீர்?”

“பாத்தால்தானே பொய் எண்டு சொல்லலாம்.”

அந்தப் பதிலுக்காகவே நான் பார்க்கத் தொடங்கினேன். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக் குசினியில் மகளுடைய போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, கீழே ஓடும் இத்தாலியன் எழுத்தை வாசித்து வாசித்துப் பார்த்தேன். ஒரு குளிர் நகரத்தில் மூன்று பிலிப்பினோச் சிநேகிதிகள், மூன்று பேருக்கும் ஒரே அறை. மூன்று பேரும் வீட்டு வேலைதான், ஆனால் ஒருத்தி ஊரில் கந்தோரில் மேசை வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாள். திடீரென்று அவளுடைய தமையன் பார்க்க வருகிறான். தான் துடைத்துக் கழுவுகிற வீட்டையே தன் வீடு என்று காட்டுகிறாள். சிநேகிதிகளில் ஒருத்தி ஏப்ரன் கட்டிக்கொண்டு வேலைக்காரியாக நடித்துச் சாப்பாடு பரிமாறுகிறாள். தமையன் சந்தோஷமாகத் திரும்பிப் போகிறான். அடுத்த காட்சியில் மூன்று பேரும் கடற்கரையில் நின்று சிரிக்கிறார்கள்.

நாடகத்தை விட, அதற்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததுதான் எனக்குப் பிடித்தது. மகள் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். சிநேகிதி என்றால் இவளல்லவோ என்று ஒருவர். தங்கச்சி பொய் சொன்னது பிழை, ஆனால் தங்கச்சியை அவ்வளவு பெருமையாக நினைக்கிற தமையன் ஒருவன் இருந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள் என்று இன்னொருவர். ஏப்ரன் கட்டியவளுக்காகத் தான் அழுததாக ஒரு பெண் எழுதியிருந்தாள்.

“அம்மா, இதில அழ என்ன இருக்கு? வீட்டு வேலையில என்ன வெட்கம்? நீங்களும் செய்யிறீங்கள்தானே,” என்றாள் மகள்.

அவள் இங்கே பிறந்தவள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று மன்னாரில் இருக்கும் என் சித்திமாருக்கு நானும் விளக்கமாகச் சொன்னதில்லை. “ஓம், வெட்கம் இல்லைத்தான்,” என்று மட்டும் சொன்னேன்.

கால்சாவில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோவிலில்தான் பிலிப்பினோ ஆட்களுக்கும் பூசை. ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, பின்னாலுள்ள மண்டபத்தில் அந்த நாடகத்தின் கடைசிப் பகுதியை, தமையன் வந்துபோகிறதை, திரையில் போட்டுக் காட்டப் போகிறார்கள் என்று மேல்மாடிக்காரி சொன்னாள். என்னையும் கூப்பிட்டாள். ஆட்கள் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்கும் ஆசையில் போனேன். போன பிறகுதான் உறைத்தது, அவர்கள் தங்கள் பாஷையில் அல்லவோ கதைப்பார்கள்.

நாடகம் முடிந்து சோறும் நூடில்சும் வந்தன. ஆட்கள் சத்தமாக விவாதித்தார்கள். கையசைப்பை வைத்து யார் எந்தப் பக்கம் என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் எழும்பி, நெஞ்சில் கைவைத்து நெடுநேரம் கதைத்தாள். பலர் கைதட்டினார்கள். அப்போது என் பக்கத்தில் இருந்த மேல்மாடிக்காரி எழும்பினாள். ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள், கேள்வி மாதிரி இருந்தது. கைதட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டை மயிர்க்காரி அப்படியே உட்கார்ந்தாள். என்னுடையவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

“என்ன கேட்டனீர்?”

“பரிமாறினவள் அண்டைக்குச் சாப்பிட்டவளோ எண்டு கேட்டனான்.”

எனக்கு விளங்கவில்லை. கோவில் மதிலோரம் நின்று சொன்னாள். கட்டை மயிர்க்காரியும் அவளும் ஒரே அறையில் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தவர்கள். முந்தி ஒரு கோடையில் கட்டை மயிர்க்காரியின் அண்ணன் வேலை செய்த உல்லாசக் கப்பல் ஒரு பகல் பலெர்மோத் துறைமுகத்தில் நின்றது. கட்டை மயிர்க்காரியின் சின்யோரா மொண்டெல்லோவில் கோடை கழிக்கப் போயிருந்த நேரம். அந்த வீட்டில் அண்ணனுக்கு விருந்து, ஏப்ரன் கட்டிக் கதவைத் திறந்து, பரிமாறி, கோப்பி கொடுத்தது மேல்மாடிக்காரி.

“அப்ப நாடகம் பொய் இல்லையே?”

“கடற்கரைதான் பொய், ஆத்தே. அதுக்குப் பிறகு அவள் என்ர முகத்தைப் பாக்கேல்லை. அறையை மாத்திக்கொண்டு போயிட்டாள். இண்டைக்கு எழும்பி நிண்டு, உண்மையான சிநேகிதி எண்டால் இப்பிடித்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லுறாள்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டை மயிர்க்காரி வாசலுக்கு வந்துவிட்டாள். நான் விலகப் பார்த்தேன். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவள் இத்தாலியனில் கதைத்தாள். தங்கள் பாஷையை விட்டு ஏன் இத்தாலியனில் சொன்னாள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நானும் கேட்கவேண்டும் என்றோ, சொந்தப் பாஷையில் அதைச் சொல்ல வாய் வரவில்லையோ.

“நீ சாப்பிட்டியோ எண்டு நான் கேக்கேல்லைத்தான்.”

“நான் சாப்பிட்டனான்,” என்றாள் இவள். “நீங்கள் ரெண்டு பேரும் வரமுதலே குசினியில நிண்டு நல்லா சாப்பிட்டனான். அதில எனக்குக் கோவமில்லை. பிறகு உன்ர புது வீட்டுக்கு வந்து மணி அடிச்சனான். உள்ளுக்கு ரேடியோ கேட்டது. நீ திறக்கேல்லை.”

மற்றவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

“உன்னைக் கண்டால் அந்த ஏப்ரன்தான் கண்ணுக்குள்ள வருது. அண்ணா உனக்கு ‘தாங்க்யூ’ சொல்லேக்க நான் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் பாஷைக்குப் போய்விட்டார்கள். கடல் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள், சேர்ந்து இல்லை, ஒருத்தி கொஞ்சம் முன்னால். என்னைக் கூப்பிட மறந்துபோனார்கள். நான் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருத்தி கையை நீட்டிக் கதைப்பதும் மற்றவள் நின்று திரும்பிப் பார்ப்பதும் தூரத்தில் தெரிந்தது. ஒரு சொல்லாவது காதில் விழாதா என்று இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை உடுப்புக் காயப்போட வழமையை விட வெள்ளனப் போய் நின்றேன். அவள் மேலே வந்து கிளிப்புகளைக் குத்திக்கொண்டே நின்றாள்.

“ரெண்டு பேரும் ராசியாயிட்டியளோ?” என்று நான்தான் கேட்டேன்.

“தெரியேல்லை. வியாழன் பின்னேரம் லீவில தன்ர வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.”

“போவீரோ?”

“போவன். மணி அடிச்சுப் பாப்பம்.” சின்யோராவின் நைட்டியை உதறிவிட்டு, கம்பிக்கு மேலால் குனிந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்: “ஆனா ஆத்தே, அவள் இன்னும் அது நல்ல நாடகம் எண்டுதான் சொல்லுறாள்.”